மாலை ஐந்து மணிக்கு வரும் அறிவிப்பு

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா ஒன்று நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு அப்படியே இருக்கும், ஆனால் ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை செய்து நான்கு நாளில் வாரத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். மீதி மூன்று நாள் ஓய்வு, அதுவும் தொழிலாளி விரும்பினால்தான் என்று அரசுத் தரப்பில் எடுத்துச் சொன்னார்கள். எடுபடவில்லை. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். வெறும் கணக்காகப் பார்த்தால் யாரும் வாரத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்திருக்காது. அப்படியிருந்தும் ஏன் அத்தனை கோபம்? எந்த நான்கு நாள், எந்தப் பன்னிரண்டு மணி நேரம் என்பதை யார் முடிவு செய்வார்கள் என்ற கேள்விக்குத் தொழிலாளி நம்பும்படியான பதில் இல்லை. ‘விரும்பினால்’ என்ற சொல்லுக்குத் தொழிற்சாலைத் தளத்தில் என்ன மதிப்பு என்பது மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

அந்தக் கேள்வியைப் பொதுவிவாதம் அத்தோடு விட்டுவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசிய காணொளி பரவியது. இரண்டு தடவையும் நாடே மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டது. மணிக்கணக்கு முக்கியம்தான், அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் குடும்பம் வைத்திருப்பவரின் அன்றாடத்தைக் குலைப்பது வேலை நேரத்தின் நீளம் மட்டுமல்ல, அது எப்போது முடியும் என்று தெரியாத நிலையும்தான். முதலாளிகள் இந்த விஷயத்தில் எதையாவது செய்ய விரும்பினால், பெரும்பாலும் வேலை நேரத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்கு மேல் இன்னொன்றைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: ஆண்டுக்கொரு குடும்ப தினம், மனநல ஆலோசனைக்கு ஒரு தொலைபேசி எண், பண்டிகைக்கு ஒரு பரிசுப்பெட்டி. இவற்றால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பணியாளருக்கு நிறுவனம் முதலில் தர வேண்டியது நேர உறுதி. இன்றைக்கு வேலை எத்தனை மணிக்கு முடியும், அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது முன்கூட்டியே தெரிந்து, சொன்னபடி நடக்கவும் வேண்டும். அது இல்லாத இடத்தில் மற்ற சலுகைகள் அலங்காரமாகவே நின்றுவிடும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்குத் தொடங்கும் வேலை மாலை ஐந்தரைக்கு முடிந்தால் அது ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் ஒன்றரை ஷிப்ட்தான் வழக்கம். ஆனால் இன்றைக்கு அது உண்டா என்பது பல கம்பெனிகளில் மாலை டீ நேரத்துக்குப் பிறகுதான் தெரியவரும். சூப்பர்வைசர் லைன் நெடுக நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார். ஓவர்லாக் மிஷினில் இருக்கும் ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் பிள்ளை பள்ளி வேனிலிருந்து இறங்கியிருக்கும். கணவரும் வேறொரு கம்பெனியில் செக்கிங்கிலோ அயர்னிங்கிலோ இருப்பார், அவருக்கும் அதே நேரத்தில் அதே அறிவிப்பு வந்திருக்கலாம். தேனியிலிருந்தோ மதுரைப் பக்கத்திலிருந்தோ பிழைக்க வந்த குடும்பமென்றால் பாட்டி தாத்தா பக்கத்தில் இல்லை. கைபேசியை உள்ளே கொண்டுபோக விடாத கம்பெனியாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தகவல் சொல்லக்கூட வழியில்லை. காலையிலேயே தெரிந்திருந்தால் சாவியை யாரிடம் கொடுப்பது, மாவு யார் வாங்குவது, பிள்ளை எங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது என்பதையெல்லாம் பேசி வைத்திருக்க முடியும். வேலை அதே அரை ஷிப்ட்தான் கூடுகிறது. ஆனால் காலையில் தெரிந்தால் அது ஒரு ஏற்பாடு, மாலை ஐந்துக்குத் தெரிந்தால் அது ஒரு நெருக்கடி.

இது தமிழ்நாட்டுக்கு மற்ற மாநிலங்களைவிட அதிகம் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. மத்திய அரசின் 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் அதற்குச் செலவிடுகிறார், ஆண் 88 நிமிடங்கள். 2019-இல் இது 299-ஆகவும் 97-ஆகவும் இருந்தது. பெண்ணின் நேரம் பத்து நிமிடம் குறைந்தபோது ஆணின் நேரமும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். பெண்ணிடமிருந்து இறங்கிய சுமையை ஆண் வாங்கிக்கொள்ளவில்லை, மிக்சியும் கடைத்தோசைமாவும் வாங்கிக்கொண்டிருக்கும். ஆக, ஐந்து மணிக்கு வரும் அறிவிப்பு ஆண், பெண் இருவரின் காதிலும் விழுந்தாலும், வீட்டில் அதன் கணக்கைத் தீர்ப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான்.

நேர உறுதியைக் கொடுத்தால் தொழில் நடக்குமா என்பதுதான் முதலாளி கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் கேப் என்ற ஆயத்த ஆடைக் கடைகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே கடை ஊழியர்களின் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். வர வேண்டுமா வேண்டாமா என்பது சில மணி நேரம் முன்புதான் தெரியும் என்ற வழக்கமும் இருந்தது. 2015-16-இல் ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகிய ஆய்வாளர்கள் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் 28 கடைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாக் கடைகளிலும் நேர அட்டவணை இரண்டு வாரம் முன்னதாக வெளியிடப்பட்டது, கடைசி நேர அழைப்பு நிறுத்தப்பட்டது. அவற்றுள் 19 கடைகளில் இன்னும் சில மாற்றங்கள் செய்தார்கள்: ஷிப்ட் தொடங்கி முடியும் நேரங்கள் ஒரே மாதிரி ஆக்கப்பட்டன, ஊழியர்கள் கைபேசிச் செயலி வழியே தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்ள முடிந்தது, சிலருக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேர வேலை உறுதி என்று வாக்களிக்கப்பட்டது. அந்தக் கடைகளில் உழைப்பின் உற்பத்தித்திறன் சுமார் 5 சதவீதம் உயர்ந்தது. விற்பனை கூடியது, ஊழியர்கள் நன்றாகத் தூங்கினார்கள். அனுபவமுள்ள ஊழியர் வரும் நேரம் நிலையாக இருந்தால் கடைக்கு வருகிறவரைக் கவனிக்க ஆள் இருக்கும் என்பதைத் தவிர இதில் மாயம் எதுவும் இல்லை.

அந்த ஆய்வில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. நேரம் மாறிக்கொண்டே இருப்பதற்கு வாடிக்கையாளர் எப்போது வருவார் என்று தெரியாததுதான் காரணம் என்பது பொதுவான நம்பிக்கை. தோண்டிப் பார்த்தபோது, குழப்பத்தில் கணிசமான பங்கு தலைமையகத்திலிருந்தே வந்தது தெரிந்தது: சரக்கு வரும் நாளைப் பற்றிய தவறான தகவல், கடைசி நேரத்தில் மாற்றப்படும் தள்ளுபடி அறிவிப்பு, திடீரென்று வரும் பெரிய அதிகாரியின் வருகை. திருப்பூருக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு லைன் இரவு ஒன்பது வரை ஓடுவதற்குத் தையல்காரர்கள் மெதுவாகத் தைத்தது காரணமாக இருப்பது அரிது. டையிங்கிலிருந்து துணி இரண்டு நாள் தாமதமாக வந்திருக்கும், ஜிப்போ லேபிளோ வந்து சேர்ந்திருக்காது, சாம்பிளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்புதல் தர ஒரு வாரம் இழுத்திருப்பார். ஆனால் கப்பல் ஏறும் தேதி மட்டும் நகராது. மேலே யாரோ இழந்த நாள்களைக் கீழே தைக்கிறவர் தன் மாலைகளால் ஈடுகட்டுகிறார். அந்தத் தாமதங்களில் பல முந்தைய வாரமே புரொடக்‌ஷன் மேனேஜருக்குத் தெரிந்தவைதான். அதைத் திங்கட்கிழமை காலையில் லைனுக்குச் சொல்வதற்குச் செலவு ஒரு சாக்பீஸ்.

சொல்லப்போனால் சட்டம் இதை எப்போதோ கேட்டுவிட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, வேலை நேரங்களைத் தெளிவாகக் காட்டும் அறிவிப்பு ஒவ்வொரு தொழிற்சாலையிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்றது. அதில் குறித்தபடிதான் வேலை வாங்க வேண்டும் என்றது 63-ஆம் பிரிவு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அறிவிப்புப் பலகையைக் கைவிடவில்லை. எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கும் ஒன்றை ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த புதுமைபோலப் பேச வேண்டியிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

சென்னையில் மென்பொருள் நிறுவனங்கள் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வந்தால் அறிவிப்பு ஐந்து மணிக்கு வராது, இரவு ஒன்பதரைக்கு வரும், கைபேசித் திரையில். அமெரிக்காவில் அப்போது அலுவலக நேரம். வாடிக்கையாளர் எப்போது கூப்பிட்டாலும் எடுத்தாக வேண்டிய தொழிலில் நேர உறுதி எப்படி முடியும் என்பார்கள். ஹார்வர்டு பேராசிரியர் லெஸ்லி பெர்லோ இதை அப்படிப்பட்ட தொழிலிலேயே சோதித்தார். போஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை முன்கூட்டியே குறிக்கப்பட்டது. அன்று ஆறு மணிக்கு மேல் மின்னஞ்சலும் பார்க்கக் கூடாது, போனும் எடுக்கக் கூடாது. முதலில் முரண்டு பிடித்தவர்கள் ஊழியர்களே. பதவி உயர்வுக்குப் பாதகமாகிவிடுமோ என்று பயந்தார்கள். ஆனால் ஒருவர் இல்லாத மாலையில் இன்னொருவர் பதில் சொல்ல வேண்டுமென்றால் அவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டுமே. அதனால் குழு வாரந்தோறும் உட்கார்ந்து யார் என்ன செய்கிறோம் என்று பேசத் தொடங்கியது. வேண்டாத வேலைகள் கழன்றன. வாடிக்கையாளர் சேவை கெடவில்லை. வாரம் ஒரே ஒரு மாலைக்காகச் செய்த ஏற்பாடு மற்ற நாள்களின் வேலையையும் ஒழுங்குபடுத்தியது.

இதே விஷயத்தைத்தான் 2023-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார். ஆண், பெண் சம்பள வித்தியாசம் மிகக் குறைவாக உள்ள தொழில்களைத் தேடிய அவரும் லாரன்ஸ் காட்ஸும் அமெரிக்க மருந்தாளுநர்களிடம் வந்து நின்றார்கள். ஒரு காலத்தில் தனித்தனி மருந்துக்கடை, முதலாளியே மருந்தாளுநர், நோயாளிக்கு அவரைத்தான் தெரியும். பிறகு பெரிய மருந்துக்கடைத் தொடர்கள் வந்தன, நோயாளியின் மருந்து விவரம் கணினியில் ஏறியது, மருந்துகள் தரப்படுத்தப்பட்டன. யார் கவுன்டரில் நின்றாலும் அதே சேவை என்றானது. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நிற்க முடிகிற தொழிலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்புகிறவர் தண்டிக்கப்படுவதில்லை. இதை நம் ஊருக்குக் கொண்டுவர நோபல் பரிசு தேவையில்லை. ஓவர்லாக் மிஷின் மட்டும் தெரிந்தவருக்கு பேட்லாக் மிஷினும் கற்றுக்கொடுத்தால், ஒருவர் ஐந்தரைக்குக் கிளம்பினாலும் லைன் நிற்காது. மென்பொருள் குழுவில் ஒரு பகுதிக்கு ஒரே ஒருவர்தான் விவரம் தெரிந்தவர் என்றால், அவர் விடுப்பு எடுக்க முடியாமல் போவதற்குக் காரணம் அவருடைய அர்ப்பணிப்பு இல்லை, நிர்வாகத்தின் சோம்பல்.

வீட்டிலிருந்தே வேலை என்பது இந்தக் கேள்விக்கெல்லாம் ஒரே பதிலென்று கொரோனாவுக்குப் பின் பலர் நினைத்தார்கள். முதலாளிகள் சிலர் அதைத் துரோகமென்று நினைத்தார்கள். சீனாவின் டிரிப்.காம் பயண நிறுவனம் இரண்டு முறை சோதித்ததால் ஊகத்துக்கு இடமில்லாமல் பேசலாம். ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் 2010-11-இல் ஷாங்காய் கால் சென்டர் ஊழியர்கள் 249 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தார்கள். ஒன்பது மாதத்தில் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் சோதனை முடிந்து இஷ்டம்போல் செய்யலாம் என்றபோது சுமார் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை ஒரு காரணம். வேலைத்திறன் கூடியிருந்தும் அதற்கேற்ற பதவி உயர்வு வராததும் இருந்தது. பிறகு 2021-22-இல் 1,612 ஊழியர்களைக் கொண்டு இன்னொரு சோதனை: புதன், வெள்ளி வீட்டில், மற்ற மூன்று நாள் அலுவலகத்தில். வேலைத்தரத்திலும் பதவி உயர்விலும் வித்தியாசமே இல்லை. விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அதிலும் பெண்களிடமும் தூரத்திலிருந்து வருபவர்களிடமும் கூடுதலாகக் குறைந்தது. உற்பத்தித்திறன் குறையும் என்று முன்பு கணித்த மேலாளர்கள் பிறகு கூடும் என்று கருத்தை மாற்றிக்கொண்டார்கள். நாள்கள் நிலையாகக் குறிக்கப்பட்டிருந்தன என்பதே இந்த இரண்டாவது ஏற்பாட்டின் பலம். புதன்கிழமை வீட்டில் இருப்போம் என்று தெரிந்தால்தான் அம்மாவுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்க முடியும்.

இந்த இடத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல். விதி இருக்கும், யாரும் பயன்படுத்த மாட்டார்கள். தகப்பனுக்கான விடுப்பைப் பாருங்கள். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, தனியார் துறையில் எல்லாருக்குமான சட்டம் கிடையாது. பெரிய நிறுவனங்கள் தாமாகத் தருகின்றன, ஆனால் இருப்பதை முழுதாக எடுக்க ஆண்கள் தயங்குகிறார்கள். “குழந்தையை நீயா பெத்த?” என்ற கேலி ஒரு பக்கம், பணி மதிப்பீடு குறைந்துவிடும் என்ற பயம் மறுபக்கம். நார்வேயில் 1993-இல் தகப்பனுக்கென்றே விடுப்பை ஒதுக்கிச் சட்டம் வந்தது. அவர் எடுக்காவிட்டால் அது வீணாகிவிடும். அந்தச் சட்டத்துக்குப் பின் நடந்ததை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், உடன் வேலை செய்பவர் ஒருவர் விடுப்பு எடுத்திருந்தால் அடுத்தவர் எடுப்பதற்கான வாய்ப்பு 11 சதவீதப் புள்ளிகள் கூடியதைக் கண்டார்கள். எடுத்தவர் மேலாளராக இருந்தால் விளைவு சக ஊழியரைவிட இரண்டரை மடங்கு. சுற்றறிக்கையைவிட மேலாளர் ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதைத்தான் ஊழியர்கள் படிக்கிறார்கள் என்று இதற்குப் பொருள். தயவாகக் கேட்டு வாங்க வேண்டிய எதையும் பயமுள்ளவர்கள் கேட்க மாட்டார்கள். எல்லாருக்கும் பொதுவான விதியாக, வேண்டாமென்றால் மட்டும் சொல்லிவிட்டு விலகலாம் என்கிற மாதிரி வைத்தால் கேட்க வேண்டிய கூச்சமே எழாது.

குழந்தைகள் காப்பகத்துக்கும் இதே கதி. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பக அறை வேண்டும் என்றது 1948 சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த நிறுவனத்திலும் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றது 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் நெடுந்தூரம் வந்து போகும் பெண், ஆறு மாதக் குழந்தையை விடிகாலையில் அந்த பஸ்ஸில் தூக்கி வர முடியுமா? அவர்களுக்குக் காப்பகம் குடியிருக்கும் ஊரில்தான் தேவை. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒன்றை நடத்திக்கொள்ளப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இடம் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்தி நாலைந்து கம்பெனிகள் பஸ் புறப்படும் ஊர்களில் காப்பகம் வைத்தால், தணிக்கைக்காகப் பூட்டி வைத்திருக்கும் பொம்மை அறைகளைவிட அது பத்து மடங்கு பயன்படும். ஆனால் அந்தக் காப்பகம் மாலை ஆறு மணிக்கு மூடும் என்றால் எட்டரை வரை ஓடும் ஷிப்டுக்கு அதனால் என்ன லாபம்? மறுபடியும் கேள்வி நேரத்திடமே வந்து நிற்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கி மறு ஆண்டு மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டம் வேலைக்குப் போகும் தாய்மாருக்கு உதவுவதற்கும் இதுவே காரணம். சாப்பாடு தருவதோடு, தினமும் அதே நேரத்தில் தவறாமல் தருகிறது.

இனி எதிர்வாதங்கள். வளரும் நாடு கூடுதல் நேரம் உழைத்தாக வேண்டும் என்பது பழைய வாதம். அதற்குப் பழைய சான்றே போதும். முதல் உலகப் போரில் பிரிட்டன் குண்டு உற்பத்தித் தொழிற்சாலைகளில் ஆண்களையும் பெண்களையும் வாரக்கணக்கில் ஓய்வில்லாமல் வேலை வாங்கியது. அவர்களின் நலனை ஆராய 1915-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு திரட்டிய புள்ளிவிவரங்களை ஒரு நூற்றாண்டு கழித்துப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் மறுபடி எடுத்து அலசினார். வாரத்துக்கு சுமார் 49 மணி நேரம் வரை நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்கு மேல் ஏற்றம் மெலிந்தது. 70 மணி நேரம் வேலை செய்தவரின் உற்பத்திக்கும் 56 மணி நேரம் வேலை செய்தவரின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போர்க்களத்துக்குக் குண்டு வேண்டும் என்ற அவசரத்தில்கூட, மனித உடம்பு அந்தப் பதினான்கு மணி நேரத்தைச் சும்மாதான் கழித்தது.

இதைவிடக் கூர்மையான எதிர்வாதம் தொழிலாளர் பக்கத்திலிருந்து வரும்: ‘ஓ.டி. வேண்டாமென்று யார் சொன்னது? ஒரு ஷிப்ட் கூலியில் வாடகை, பள்ளிக் கட்டணம், குழுக் கடன் எதையும் கட்ட முடியாது.’ உண்மைதான். கூலி போதாத இடத்தில் நேரத்தைப் பற்றிய உபதேசம் வயிற்றை நிரப்பாது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி என்பது சட்டம். அரை ஷிப்ட் ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி போட்டால் அது ஒரு முழு ஷிப்ட் கூலி, அதாவது ஒன்றரை ஷிப்ட் நிற்பவருக்கு இரண்டு ஷிப்ட் சம்பளம் வர வேண்டும். பல இடங்களில் சனிக்கிழமை கையில் வருவது ஒன்றரைதான். கூடுதல் நேரம் முதலாளிக்கு மலிவாகக் கிடைக்கும் வரை திட்டமிட அவருக்குத் தூண்டுதலே இருக்காது. இரட்டிப்புக் கூலியை உண்மையிலேயே கொடுக்க வேண்டியிருந்தால், டையிங்கில் துணி எங்கே நிற்கிறது என்று செவ்வாய்க்கிழமையே போன் போட்டுக் கேட்பார். தொழிலாளிக்கும் வாரத்தில் ஆறு மாலைக்குப் பதில் மூன்று மாலை நின்றால் அதே பணம் கிடைக்கும். கூலிக் கேள்வியும் நேரக் கேள்வியும் எதிரெதிர் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் லாபமடைவது தொழிலாளி இல்லை.

பெண்களுக்கு இவ்வளவு செய்தால் பெண்களையே வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்ற எச்சரிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மகப்பேறு விடுப்பை 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியபோது, அந்தச் சம்பளச் சுமையை அரசு பகிர்ந்துகொள்ளவில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. கொடுத்துவிடும். அதற்கு மேல் வாங்கும் பெண்ணுக்கு முழுவதும் முதலாளியின் பையிலிருந்து. ஸ்வீடனிலும் நார்வேயிலும் சமூகக் காப்பீடு கொடுக்கிறது. இங்கும் அப்படித்தான் ஆக வேண்டும், அதுவரை சிறிய அலுவலகங்களின் தயக்கத்தை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ள முடியாது. ஆனால் நேர உறுதிக்கு இந்த ஆபத்து இல்லை, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். பிள்ளை இல்லாதவர்கள்தான் மற்றவர்களின் சுமையைச் சுமக்க வேண்டியிருக்கும் என்ற மனக்குறைக்கும் அதுவே பதில். அறுபது வயதைக் கடந்தவர்களின் பங்கில் கேரளத்துக்கு அடுத்தபடி இருக்கும் மாநிலம் இது. திருமணமாகாத ஒருவருக்கும் டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டிய அப்பா இருக்கலாம். யாருமில்லாவிட்டாலும் ஒரு மனிதருக்குச் சொந்தமாக ஒரு மாலை இருக்கக் கூடாதா? காரணம் கேட்டுத் தரும் சலுகையால்தான் ஊழியர்களுக்குள் பொறாமை முளைக்கிறது.

மிச்சம் இருப்பது சிறு தொழில்காரரின் நிலைமை. இருபது மிஷின் போட்டுப் பவர்டேபிள் என்னும் தையல் கூடம் நடத்துபவர் தன் நேரத்துக்கே தான் எஜமான் இல்லை. மேலே இருக்கும் ஏற்றுமதியாளர் சொல்வதைச் செய்கிறார், ஏற்றுமதியாளர் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனம் சொல்வதைச் செய்கிறார். இவரிடம் இரண்டு வார அட்டவணை கேட்பது நியாயமில்லை. அடுத்த இரண்டு நாளுக்கு ஓ.டி. உண்டா என்று காலையிலேயே சொல்லிவிட இவரால் முடியும், வர முடியாதவரின் இடத்தை மறுநாள் பறிக்காமலிருக்கவும் முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கொள்முதல் ஒப்பந்தத்தில்தான் கை வைக்க வேண்டும். சாம்பிளுக்கு ஒப்புதல் தாமதமானாலோ, கட்டிங் முடிந்த பிறகு வாடிக்கையாளர் அளவையோ நிறத்தையோ மாற்றினாலோ, அதற்கான நாள்கள் டெலிவரி தேதியில் தாமாகச் சேரும் என்று ஒரு வரி. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நன்னடத்தை விதிகளில் வேலை நேரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன, அந்த ஒரு வரியையும் எழுதட்டும். இருபது மிஷின்காரர் தனியாகக் கேட்டால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஆனால் திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுக்கொரு முறை கூலி ஒப்பந்தத்துக்காக ஒரே மேசையில் உட்காருவது நீண்ட நாள் வழக்கம். கூலிக்கு எத்தனை சதவீதம் உயர்வு என்று பேசி முடித்த கையோடு, ஓ.டி. அறிவிப்புக்கு எத்தனை மணி நேர முன்னறிவிப்பு என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். வாடிக்கையாளரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டித் தேதி கேட்பது அதற்குப் பிறகு ஏற்றுமதியாளருக்கும் சுலபம்.